அன்னபுஷ்பத்தின் இசைத்தட்டு

9-1-1984, திங்கள்

மறைமலை நகரிலிருந்து சாமான் வந்து இறங்கியது. ஒரு பெட்டியில் ரெக்கார்டு பிளேயர், ஒன்றில் ஆம்ப்ளிஃபயரும் இரண்டு ஸ்பீக்கரும். மூன்றாவது செருப்புப் பெட்டி அளவுதான். அதற்குள் பஞ்சில் சுற்றிய கை ஒன்று. ஊசியைத் தாங்கிக்கொண்டு இசைத்தட்டின் மேல் போகிற கை. தனியாகக் கழற்றி வைத்திருக்கிறார்கள்.

விற்றவர் திருநாவுக்கரசு. அங்கே ஒரு கம்பெனியில் இன்ஜினியர். மாதக் கடைசியில் குடும்பத்தோடு ஆப்பிரிக்கா போகிறார். பயணத்துக்குத் தேதி குறித்தவனால் விலையில் பிடிவாதம் பிடிக்க முடியாது, அதுவும் சாமான் கழன்று கிடந்தால். பாதிக்குக் கேட்டேன். கொடுத்துவிட்டார். "கைய மட்டும் பூட்டணும் சார், பத்து நிமிஷ வேலை" என்றார்.

தராசும் ஆணியும் விற்கிற என் கடையில் பெட்டியை இறக்கும்போது கோதண்டம் சிரித்தான். இருபது வருஷமாக என்னோடு தராசு ரிப்பேர் பார்ப்பவன், வாய் கொஞ்சம் நீளம். "இன்னா மொதலாளி, எவன் தலையில கட்டப்போறீங்கோ இத்த?"

"விலை வந்தா குடுக்க வேண்டியதுதான்" என்றேன்.

அவனிடம் சொன்னது பொய். இந்த நோட்டு நான் மட்டும் படிப்பது, இதில் பொய் எதற்கு? என் மனைவி அன்னபுஷ்பம் மகளின் பேறுகாலத்துக்கென்று தாம்பரம் போய் நாலு வருஷம் ஆகப்போகிறது. பேரன் வீடு முழுக்க ஓடுகிறானாம். அவள் திரும்பவில்லை. சண்டை ஒன்றும் இல்லை. கடிதம் போட்டால் பதில் வருகிறது, அவள்தான் வரவில்லை.

அவள் வரவேண்டும் என்றுதான் இதை வாங்கினேன்.

11-1-1984, புதன்

பஸ் நிலையத்துக்குப் பக்கத்து ரேடியோ ரிப்பேர்க்காரரைக் கூட்டிவந்து காட்டினேன். கையை எடுத்து, திருப்பி, மூக்கருகே வைத்துப் பார்த்து, பூப்போல மறுபடி பஞ்சில் வைத்தார். ஒயர் நாலையும் வேண்டுமானால் சேர்த்துத் தருகிறேன் என்றார். "மத்தது நமக்கு வேணாம் அண்ணாச்சி. முடி கணக்கா கீது. ஒடிஞ்சா நீங்க என்ன உட மாட்டீங்க."

ஒயரை மட்டும் சேர்த்துவிட்டுப் போனார். பெட்டியோடு ஆங்கிலப் புத்தகம் ஒன்று இருக்கிறது. எடைக்கல்லுக்கு முத்திரை குத்துகிற துறையின் சட்டத்தையே ஆங்கிலத்தில் மல்லுக்கட்டிப் படித்தவன் நான். இதையும் படித்துவிடலாம்.

15-1-1984, ஞாயிறு

லூர்துராஜ் பத்திரிகை கொண்டுவந்தார். பக்கத்து வீடு, ரைஸ் மில்காரர். மூத்த பெண்ணுக்குப் பிப்ரவரி பதிமூன்றாம் தேதி மாதா கோயிலில் கல்யாணம்.

"அண்ணிக்கு நேர்லயே போய்க் குடுத்துட்டேன், தாம்பரத்துல. அண்ணாச்சிகிட்ட குடுத்தா போய்ச் சேராதுன்னு எனக்குத் தெரியும்."

"வாரேன்னாளா?"

"பன்னண்டாந்தேதி சாயங்காலமே வரேன்னாங்க. ரெண்டு நாள் இருப்பாங்களாம். சந்தோசம்தானே? மூஞ்சிலதான் கொஞ்சம் காட்டுங்களேன்!"

இன்னும் நாலு வாரம். அதற்குள் இது பாட வேண்டும்.

பீரோவைத் திறந்து, சேலைக்கு நடுவிலிருந்து அவளுடைய இசைத்தட்டை எடுத்தேன். அந்துருண்டை வாசனை. 1968-ல் கப்பலில் வேலை பார்த்த அவள் தம்பி, சூட்கேஸ் மாதிரி மடக்குகிற சின்ன பிளேயரும் இந்தத் தட்டும் கொடுத்தான். கிறிஸ்தவக் கீர்த்தனைகள், பக்கத்துக்கு ஐந்து. இரண்டாம் பக்கத்துக் கடைசிப் பாட்டு அவளுக்கு உயிர். அதைப் போட்டுவிட்டுத்தான் உலை வைப்பாள். 1971-ல் வாலாஜாபாத்காரர் ஒருவர் வீட்டுக்கு வந்த இடத்தில் பிளேயரைப் பார்த்தார், நல்ல விலை சொன்னார். கொடுத்துவிட்டேன். அவள் அப்போது கோயிலுக்குப் போயிருந்தாள். தையல் மிஷினும் அப்படித்தான் போனது. தேக்குக் கட்டிலும். எனக்கு எந்தச் சாமானைப் பார்த்தாலும் அதற்கு என்ன வரும் என்றுதான் முதலில் தோன்றும். அப்படித் தோன்றியதால்தான் வெறுங்கையோடு தெற்கேயிருந்து வந்தவன் ஸ்ரீபெரும்புதூரில் கடை வைத்தேன்.

தட்டை மட்டும் யாரும் கேட்கவில்லை. தாம்பரம் போகும்போது அவளும் இதை எடுத்துப்போகவில்லை. விட்டுப்போனாள் என்றால் திரும்புவாள் என்றுதானே அர்த்தம்? நாலு வருஷமாக நான் இந்த ஒன்றைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

17-1-1984, செவ்வாய்

கடைக்குப் பின்கட்டிலேயே வீடு. கடை மதியம் ஒன்றரைக்கு மூடி நாலுக்குத் திறக்கிறது. அந்த நேரம் வோல்டேஜும் நன்றாக இருக்கிறது. கையை இன்று பூட்டினேன்.

பின்பக்கம் உருண்டையாக ஒரு எடை. அதை மரையில் திருகித் திருகி முன்னும் பின்னும் நகர்த்த வேண்டும். முன்னால் ஊசி, பின்னால் எடை, நடுவில் அச்சு. அட, இது தராசுதானே! எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கால் மணி நேரத்தில் கை அந்தரத்தில் சமமாக நின்றது. ஊதினால் அசைந்து, திரும்ப அதே இடத்தில் வந்து நின்றது. இவ்வளவு நேர்மையான தராசு என் கடையில் ஒன்றுகூட இல்லை. கோதண்டத்தைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"முத்திர குத்திடலாமா மொதலாளி?" என்றான்.

தட்டைச் சுழலவிட்டு ஊசியை இறக்கினேன். இறங்கவே இல்லை. தட்டுக்கு மேலே மிதந்து, தொட்டும் தொடாமலும் சறுக்கிக்கொண்டு உள்ளே ஓடிற்று. சர்ர்ரென்று ஒரு சத்தம். பதறிப்போய் கையைத் தூக்கினேன்.

எங்கள் தொழிலில் முள் நடுவில் நின்றால் வேலை முடிந்தது. இதில் அப்போதுதான் வேலையே ஆரம்பமாம். சமம் பார்த்த பிறகு இரண்டு கிராம் அழுத்தம் கொடுக்கவேண்டும் என்று புத்தகத்தில் அடுத்த பக்கத்திலேயே இருக்கிறது. பக்கத்தைப் புரட்டவில்லை நான். தெரிந்த வேலை என்கிற திமிர்.

18-1-1984, புதன்

நகைத் தராசைக் கொண்டுவந்தேன். ஒரு தட்டில் ஊசியை உட்காரவைத்து, மறுதட்டில் கிராம் எடை. முதலில் சரியாக இரண்டு வைத்தேன். ஊசி இசைத்தட்டைத் தொட்டதும் தெரியவில்லை, விட்டதும் தெரியவில்லை. மனசு கேட்கவில்லை.

என் கடையில் யாருக்கும் மட்டமாக நிறுத்துக் கொடுத்ததில்லை. ஆணியானாலும் சரக்குப் பக்கம் ஒரு விரற்கடை இறங்கினால்தான் வாங்குகிறவன் முகம் மலரும். அவளுக்குச் செய்கிற காரியத்தில் கை இழுக்கலாமா? நாலு கிராம் வைத்தேன். ஊசி ஊன்றி உட்கார்ந்தது. பாட்டு கணீரென்று வந்தது.

பதின்மூன்று வருஷத்துக்குப் பிறகு இந்த வீட்டில் பாட்டு. நின்றுகொண்டே கேட்டேன். அப்புறம் யாரிடமாவது சொல்லலாம் என்று திரும்பினேன். யாரும் இல்லை.

20-1-1984, வெள்ளி

முதல் நாலு பாட்டும் பழுதில்லை. கடைசிப் பாட்டு மட்டும் கரகரக்கிறது. 'ச' வருகிற இடமெல்லாம் காறித் துப்புகிற மாதிரி. போயும் போயும் அந்தப் பாட்டிலா?

மறுபடி மறுபடி போட்டுப் பார்த்தேன். பாத்திரம் தேய்க்க வந்த கிளியம்மாள் முந்தானையைச் செருகிக்கொண்டு நின்றாள். "இன்னா மொதலாளி, ஒரே பாட்டையே போட்டுக்கினு கீறீங்கோ? அந்தம்மாவுக்கே தொண்ட வறண்டுப்பூடும்."

22-1-1984, ஞாயிறு

மறைமலை நகர் போனேன். திருநாவுக்கரசு வீட்டில் பாதி மூட்டை கட்டியாகிவிட்டது. தொந்தரவுதான். ஆனாலும் உட்காரவைத்துச் சொன்னார். கை தட்டின் நடுவை நோக்கிப் போகப்போக ஊசியின் கோணம் மாறுகிறது. சரியாகப் பொருத்தாவிட்டால் கடைசிப் பாட்டில்தான் தெரியும். ஒரு வரைபடத்தாள் எடுத்து, நடுவில் ஓட்டை போட்டு, இரண்டு இடத்தில் சிலுவைக் குறியிட்டு, அதில் கோடுகள் இழுத்துக் கொடுத்தார். அந்த இரண்டு இடத்திலும், ஊசியைப் பிடித்திருக்கிற சின்ன ஊசிப்பெட்டி கோட்டுக்கு நேராக நிற்கவேண்டும். மற்ற இடத்தில் சற்று விலகும், அதை ஒன்றும் செய்ய முடியாது என்றார்.

கிளம்பும்போது கேட்டார்: "அழுத்தம் எவ்வளவு வெச்சிருக்கீங்க?"

"ரெண்டு கிராம்" என்றேன்.

"தராசுக்கடைக்காரர்கிட்ட போய் எடையப் பத்திக் கேக்கறேன் பாருங்க!" என்று சிரித்தார்.

நானும் சிரித்தேன். எடையில் இரண்டு கிராம் கூட்டி வைத்தேன் என்று எந்த வாயால் சொல்வது? ஊரெல்லாம் படிக்கல் விற்கிறவன். அவர் இதைப் பற்றி மேலே பேசவில்லை. நானும் கேட்கவில்லை.

25-1-1984, புதன்

முதல் குறியில் நேராக நிற்கிறது. இரண்டாவதில் கோணல்.

28-1-1984, சனி

ஊசிப்பெட்டியைப் பிடித்திருக்கிற திருகுகள் இரண்டும் எள் அளவு. தளர்த்தி, முடியளவு தள்ளி, இறுக்கினால் இறுக்குகிற வேகத்தில் திரும்பிவிடுகிறது. கோதண்டம் பூதக்கண்ணாடி பிடித்தான். "கொஞ்சம் இப்டிக்கா... அய்ய, ரொம்பப் பூட்ச்சி. அப்டிக்கா." வல்லக்கோட்டைத் தேங்காய்க்கடைக்காரர் தன் தராசை வாங்கிப்போக வந்தவர், எங்கள் இரண்டு பேரின் முதுகையும் கால் மணி நேரம் பார்த்துவிட்டு, நாளை வருகிறேன் என்று போய்விட்டார்.

ஒவ்வொரு தரம் இறுக்கியதும் கடைசிப் பாட்டைப் போட்டுச் சோதிக்கிறேன். வேறு தட்டு இல்லாமல் இல்லை, லூர்துராஜைக் கேட்டால் கொடுப்பார். ஆனால் தொழில் முறை என்று ஒன்று இருக்கிறது. நூறு தராசு வந்தாலும் சோதிக்க ஒரே முத்திரைப் படிக்கல்தான். படியை மாற்றினால் பிழை தராசிலா படியிலா என்று தெரியாமல் போய்விடும். அவளுடைய தட்டுதான் என் படி.

31-1-1984, செவ்வாய்

இன்று நாற்பது தடவையாவது போட்டிருப்பேன். பாட்டின் சொல் முழுக்க மனப்பாடம். நடுவில் ஓரிடத்தில் டக்கென்று ஒன்று விழுகிறது. அது கீறல், அதை ஒன்றும் செய்ய முடியாது.

3-2-1984, வெள்ளி

நின்றுவிட்டது! இரண்டு குறியிலும் கோட்டோடு கோடாக. கோதண்டமும் பார்த்தான், நானும் பார்த்தேன், மாற்றி மாற்றிப் பார்த்தோம். குறை சொல்ல ஒன்றும் இல்லை.

பாட்டைப் போட்டேன். கரகர.

முன்னைவிட மோசம். முன்பு 'ச' மட்டும்தான். இப்போது குரலே புண்ணாகிவிட்ட மாதிரி. என்னதான் வேண்டும் இந்தக் கைக்கு? அழுத்தத்தை இரண்டுக்கு இறக்கினேன். அப்படியேதான். ஒன்றரை. அப்படியேதான்.

5-2-1984, ஞாயிறு

கோயில் விட்டு வந்ததும் லூர்துராஜிடம் கிறிஸ்துமஸ் பாட்டுத் தட்டு ஒன்றை வாங்கிவந்தேன். இரண்டு கிராமிலேயே வைத்துப் போட்டேன்.

முதலிலிருந்து கடைசி வரை கண்ணாடி மாதிரி. கடைசிப் பாட்டில் ஒரு பிசிறு இல்லை. மூச்சு இழுப்பதுகூடக் கேட்கிறது.

கையில் பிழை இல்லை.

பிழை படியில். படி தேய்ந்துவிட்டது. தேய்த்தது நான். இரும்புப் படியை ஆயிரம் தராசில் வைத்தாலும் ஒரு குன்றிமணி குறையாது, அந்தப் பழக்கத்தில்— இது இரும்பா? மெழுகு மாதிரி ஒரு சாமான். அதன் மேல் வைர ஊசியை இரட்டை எடையில், கோணலாக வைத்து, முந்நூறு தடவை உழுதிருக்கிறேன். அதுவும் அந்த ஒரு பாட்டை மட்டும்.

அன்றைக்கு அந்த மனுஷன் கேட்டாரே. நாலு என்று சொல்லியிருந்தால் அப்போதே தடுத்திருப்பாரே. வாய் வரலியே. பெரிய தராசுக்கடைக்காரன்!

6-2-1984, திங்கள்

கடை திறந்தேன். யாரோடும் பேசப் பிடிக்கவில்லை.

8-2-1984, புதன்

சென்னை போய் மூர் மார்க்கெட்டில் தேடினேன். நாலு கடை ஏறி இறங்கி, ஐந்தாவதில் கிடைத்தது. அதே தட்டு, அதே கம்பெனி, அதே வருஷம். கடைக்காரர் போட்டுக் காட்டினார். புதுசு மாதிரி. கடைசிப் பாட்டு பால் மாதிரி ஓடுகிறது. பழையதில் இருந்த அந்த டக்கும் இல்லை. அந்த வகையில் லாபம்தான்.

பஸ்ஸில் வரும்போது யோசித்தேன். சொல்லவேண்டுமா? அவளுடைய பழைய உறைக்குள் இதை வைத்துவிட்டால் உறையில் அவள் கையெழுத்து இருக்கிறது, அந்துருண்டை வாசனையும் இருக்கிறது. யாருக்கும் நஷ்டமில்லாத காரியம். கெட்டுப்போன சரக்குக்கு நல்ல சரக்கு மாற்றிக் கொடுப்பதை எந்தச் சந்தையில் குற்றம் என்பார்கள்?

11-2-1984, சனி

மாற்றி வைத்துவிட்டேன். பழையது கடை அலமாரியில், படிக்கற்களுக்குப் பின்னால்.

கிளியம்மாள் வீட்டைக் கழுவினாள். "அம்மா வரச்சொல்லோ இந்த வூடு வூடு மாதிரி இருக்கணும்ல?" என்றாள். இப்போது எப்படி இருக்கிறதாம்? கேட்கவில்லை.

14-2-1984, செவ்வாய்

பதினொன்றரை பஸ்ஸில் போய்விட்டாள். நடந்ததை எழுதிவைக்கிறேன்.

ஞாயிறு சாயங்காலம் வந்தாள். காதோரம் நன்றாக நரைத்துவிட்டது. கைப்பையைக் கீழே வைக்கவில்லை, பிளேயரைப் பார்த்துவிட்டாள்.

"இது எப்ப?"

"போன மாசம். உனக்குத்தான்."

நாற்காலியில் உட்கார்ந்தாள். நான் உறையிலிருந்து தட்டை எடுத்து, துடைத்து, இரண்டாம் பக்கத்தைப் போட்டேன். பாட்டு வந்தது. அவள் முகம் இளகியதை நான் பார்த்தேன், அது பொய்யில்லை. நாலாவது பாட்டுக்குக் கைப்பையை இறக்கிவைத்தாள். கடைசிப் பாட்டு தொடங்கியது. வாய்க்குள்ளே கூடப் பாடினாள். நடுவில் வந்ததும் தலையைச் சாய்த்தாள், எதற்கோ காத்திருக்கிற மாதிரி. பாட்டு தாண்டிப் போயிற்று.

"டக்குன்னு விழலியே" என்றாள்.

"எது?"

"நம்ம பிள்ள எட்டு வயசுல கரண்டிக் காம்பால கீறுனா. அந்த எடத்துல ஒரு டக்கு விழும்லா." பாட்டு முடியும்வரை கேட்டுவிட்டு, "இது எந் தட்டு இல்ல. என் தட்ட எவனுக்கு வித்திய?" என்றாள்.

கோபமாகக்கூடக் கேட்கவில்லை. மழை வருமா என்று கேட்கிற குரலில் கேட்டாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

வியாபாரி நான். வாயில் மூன்று பதில் தயாராக இருந்தது. புது ஊசி, கீறலைத் தாண்டிவிடும் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

"விக்கல புஷ்பம். சத்தியமா விக்கல. கெடுத்துப்புட்டேன்."

எல்லாம் சொன்னேன். நாலு கிராம், கோணல், இன்ஜினியரிடம் சொன்ன பொய், மூர் மார்க்கெட், உறை மாற்றியது. சொல்லி முடித்ததும் கடைச் சாவியை எடுத்துப் போய்ப் பழைய தட்டைக் கொண்டுவந்தேன்.

"போடுங்க" என்றாள்.

கரகரவென்று பாடிற்று. அந்த இடம் வந்ததும் டக். அவள் கண்ணை மூடிக்கொண்டு கடைசி வரை கேட்டாள்.

"எத்தன தடவ போட்டிய?"

"முந்நூறு இருக்கும்."

"முந்நூறு தடவையா கேட்டிய?"

"கேக்கல. சோதிச்சேன்."

அதற்குச் சிரித்தாள். நான் பார்க்கக்கூடாது என்பது போல் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். சிரிப்புதானா என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது.

நேற்றுக் கல்யாணத்தில் நன்றாகத்தான் இருந்தாள். இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டோம். இன்று பஸ் நிலையத்தில் கேட்டேவிட்டேன்: "தட்ட இங்கதான வச்சிட்டுப் போன? அப்ப வருவன்னுதான நான்—"

"தாம்பரத்துல போட பொட்டி இல்ல. அதான் வச்சிட்டுப் போனேன்" என்றாள்.

இவ்வளவுதானா? நாலு வருஷம் நான் பிடித்துக்கொண்டிருந்தது இவ்வளவுதானா?

பஸ் வந்தது. ஏறும் முன் திரும்பினாள். "உனக்குத்தான் வாங்குனேன்னு சொன்னிய. எனக்குன்னா நான் இருக்க எடத்துலல்லா இருக்கணும்? இது என்னய இங்க இழுக்கதுக்கு வாங்குனது."

கரகரக்கிற தட்டை அவள் எடுத்துப்போனாள். நல்லது இங்கே இருக்கிறது.

20-2-1984, திங்கள்

அவள் சொன்னது சரி. எழுதவே கை வரவில்லை, ஆனால் சரி.

11-3-1984, ஞாயிறு

நல்ல தட்டைப் போட்டேன். ஒரு தடவை மட்டும். சோதிக்க அல்ல. உட்கார்ந்து கேட்டேன். அந்த இடம் டக்கென்று விழாமல் தாண்டும்போது எனக்கும் ஏதோ குறைகிறது.

கடை போட்ட நாளிலிருந்து ஒரு சனிக்கிழமை சாயங்காலம்கூட நான் கடையில் இல்லாமல் இருந்ததில்லை. தாம்பரம் நாற்பது கிலோமீட்டர்கூட இருக்காது. நாலு வருஷத்தில் எத்தனை தடவை போனேன்? கிறிஸ்துமஸுக்கு ஒரு தடவை என்று வைத்தாலும் நாலு. அதிலும் ஒன்று வசூலுக்குப் போன வழியில். அவள் வரவில்லை வரவில்லை என்று எழுதிவைத்தேனே, நான் போகவில்லை என்று ஓரிடத்திலாவது எழுதியிருக்கிறேனா? புரட்டிப் பார்த்தேன். இல்லை.

7-4-1984, சனி

மதியம் கடையைக் கோதண்டத்திடம் கொடுத்துவிட்டு வாடகை வேனில் கிளம்பினேன். கையைக் கழற்றி, பஞ்சில் சுற்றி, என் மடியிலேயே வைத்துக்கொண்டேன். ஒரகடம் தாண்டிப் படப்பை வரை ரோடு தூக்கித் தூக்கிப் போட்டது. டிரைவர், "இன்னா சார், கொயந்தையா?" என்று கேட்டார்.

மகளுக்கு ஆச்சரியம். மருமகனுக்குப் பெட்டியை எங்கே வைப்பது என்கிற கவலை. சின்ன வீடு. அன்னபுஷ்பம் ஜன்னலோர மேசையில் இருந்த துணியெல்லாம் எடுத்து இடம் பண்ணினாள்.

திருநாவுக்கரசு சொன்ன பத்து நிமிஷம் இல்லை. நாற்பது நிமிஷம். அவள் டார்ச் லைட் பிடித்தாள். பேரன் கிட்டே வந்தால் ஒரு முழங்கையால் தடுத்தாள். வரைபடத்தாளில் இரண்டு குறியும் நேர்.

"எத்தன கிராமு?" என்றாள்.

"ரெண்டு."

"காட்டுங்க."

நகைத் தராசை எடுத்து வைத்துக் காட்டினேன். முள் நிற்கும்வரை குனிந்து பார்த்துவிட்டுத்தான் நிமிர்ந்தாள். நல்ல தட்டை நீட்டினேன். "அது இருக்கட்டும்" என்று பழையதை எடுத்தாள்.

ஏழு மணி பஸ்ஸில் திரும்பிவிட்டேன். இரு என்று யாரும் சொல்லவில்லை. வீட்டில் பிளேயர் இருந்த இடம் வெற்றாக இருக்கிறது. மேசையில் தூசிக்கு நடுவே சதுரமாக ஒரு சுத்தம்.

14-4-1984, சனி

போனேன். சாப்பாடு போட்டாள். திரும்பிவிட்டேன்.

28-4-1984, சனி

மழையில் பஸ் தவறியது. ஹாலில் பாய் போட்டுக் கொடுத்தார்கள்.

3-6-1984, ஞாயிறு, தாம்பரம்

நோட்டை இங்கே கொண்டுவந்தது இதுதான் முதல் தடவை. சனிக்கிழமை மதியம் வந்து ஞாயிறு சாயங்காலம் கிளம்புவது என்று ஆகிவிட்டது. பேரனை நாளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கிறார்கள். பைக்கு மேல் பேர் எழுதச் சொல்லி என்னைப் பிடித்துக்கொண்டான்.

எனக்கு இன்னும் ஹாலில்தான் பாய். அவளாக வந்து பேசுவது கொஞ்சம்தான். ஆனால் இந்த வீட்டில் எனக்கு ஒரு வேலை கொடுத்திருக்கிறாள். தெருக்குழாயில் காலை ஐந்தே முக்காலுக்குத் தண்ணீர் வருகிறது, அரை மணிதான். வரிசையில் நின்று இரண்டு குடம் நான் பிடிக்க வேண்டும். இன்று பிடித்துவந்து இறக்கினேன். தளும்பியதைப் பார்த்து, "கழுத்து வர போதும், ரொப்பாதிய" என்றாள்.

சாயங்காலம் பஸ்ஸுக்குப் பையைக் கட்டிக்கொண்டிருந்தேன். அடுப்படியிலிருந்து என்னைப் பார்க்காமலே சொன்னாள்:

"திங்கக்கெழமையும் தண்ணி வரும்."

பையைச் சுவரோரம் திரும்ப வைத்தேன். பிறகு தந்தி ஆபீஸ் வரை நடந்துபோய், லூர்துராஜின் மில்லுக்கு ட்ரங்க் கால் போட்டேன். நாளைக்குக் கடையைக் கோதண்டத்தைத் திறக்கச் சொல்லியாகிவிட்டது.